கடைசிப் பேருந்து ஐந்தரை மணிக்கு

விடியற்காலை 5.50 மணி. ஊத்தான் மெலிந்தாங்கைத் தாண்டி, பாகான் டத்தோ செல்லும் சாலையோரம் எங்கள் தோட்டத்து முகப்பு. பேராவில் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியனைப் பார்க்க முடியும் என்பதால் அந்த நேரத்தில் செம்பனை மரங்கள் வெறும் கறுப்பு உருவங்களாக நிற்கும். கொசுவை விரட்டிக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் நிற்போம். சீருடையில் மாணவர்கள், தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு மாதாந்திர மருந்து வாங்கப் போகும் பாட்டி ஒருவர், டவுனில் கடை வேலைக்குப் போகும் அக்காமார் இருவர். தூரத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்ததும் பாட்டி முதலில் எழுந்து நிற்பார்.

"வந்துருச்சு, பிள்ளைங்களா."

2003ஆம் ஆண்டு புகுமுக வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் அந்த 6.00 மணிப் பேருந்தில்தான் பள்ளிக்குப் போனேன். என் பள்ளி வாழ்க்கையைப் பற்றி யாராவது கேட்டால் ஆசிரியர்களையும் தோழிகளையும் சொல்வேன். ஆனால் நான் என்ன படித்தேன், எதைப் படிக்காமல் விட்டேன் என்பதைப் பாதி தீர்மானித்தது அந்தப் பேருந்தின் கால அட்டவணை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இந்தக் கட்டுரை அந்தப் பேருந்தைப் பற்றியது. உங்களில் பலர் இன்றும் இப்படியொரு பேருந்துக்காகக் காத்திருக்கிறீர்கள். இன்னும் பலர் அது வராது என்று தெரிந்து காத்திருப்பதையே விட்டுவிட்டீர்கள்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு

தெலுக் இந்தானைத் தெரியாதவர்கள் குறைவு. 1885இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரம் அந்த ஊரின் அடையாளம். முன்பு தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட ஊருக்கு 1982இல் இன்றைய பெயர் வந்தது. 1893இலேயே தாப்பா ரோட்டிலிருந்து இங்கே ரயில் ஓடியது. பேராக் ஆற்றங்கரைத் துறைமுகத்தை நம்பிச் சுற்றுவட்டார ரப்பர், தென்னைத் தோட்டங்கள் வளர்ந்தன. நம் தாத்தா பாட்டிகள் அந்தத் தோட்டங்களில்தான் வேலைக்கு அமர்ந்தார்கள். 1989இல் அந்த ரயில் பாதை மூடப்பட்டது. அதன்பின் சொந்த வண்டி இல்லாதவருக்குப் பேருந்துதான் வழி.

நம் கல்வி அமைப்பிலேயே ஒரு பயணம் ஒளிந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதுவரை தோட்டத்துக்குள் நடந்துபோய்ப் படித்த பிள்ளை, பன்னிரண்டு வயதில் இடைநிலைப்பள்ளிக்காக வெளியே போக வேண்டும். புதுப் பள்ளி, புது மொழிச் சூழல், புது நண்பர்கள் என்று எல்லாரும் பேசுகிறோம். அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது, எப்படிப் போகிறது, எப்போது வீடு திரும்புகிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்துச் சில தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோக இன்றும் சின்னத் தண்டவாளங்கள் இருக்கின்றன. குலை பறித்த பிறகு தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும், அதனால் நேரத்துக்குப் போயாக வேண்டும். "பழத்துக்கு ரயிலு, பிள்ளைக்கு பஸ்ஸு, அதுவும் வந்தாத்தான்" என்று என் அப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

பத்து விழுக்காடு

காலைப் பேருந்து பள்ளிக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. சிக்கல் மாலையில்தான். டவுனிலிருந்து எங்கள் பக்கம் வரும் கடைசிப் பேருந்து 5.30 மணிக்குப் புறப்பட்டுவிடும். பள்ளியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆகவே எங்களுக்குப் பள்ளி நாள் என்பது மாலை ஐந்து மணியோடு முடிந்தது.

புறப்பாட நடவடிக்கைகள் பெரும்பாலும் 5.30வரை நடக்கும். போட்டிக் காலத்தில் ஆறு, ஆறரைகூட ஆகும். நான் வலைப்பந்துக் குழுவில் இருந்தேன். ஐந்து மணிக்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். முதல் மாதம் ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம், "பயிற்சியை முடிக்காதவர்களை எப்படிக் குழுவில் வைத்துக்கொள்வது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நான் விலகிக்கொண்டேன்.

அது விளையாட்டோடு போகும் இழப்பு என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் கணக்குத் தெரிந்தது. எஸ்.டி.பி.எம். முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. அந்தப் பத்து விழுக்காட்டுக்கு வருகையும் பொறுப்பும் போட்டிகளில் கலந்துகொண்ட நிலையும் கணக்கில் வரும். ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவருக்கு இவை மூன்றும் எட்டாக்கனி. போட்டி கடுமையான துறைகளில் ஒரு புள்ளி, அரைப் புள்ளியில் இடம் தவறிப் போவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அரைப் புள்ளி சோம்பலால் மட்டும் போவதில்லை. சில நேரம் பேருந்து நிலையத்தில் போகிறது.

என் தோழிக்கு நேர்ந்தது

ஒரே லயத்தில், இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள் என் தோழி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தோழி என்றே எழுதுகிறேன். 2009 மார்ச் மாதம் எஸ்.பி.எம். முடிவு வந்தபோது அவள் என்னைவிட இரண்டு 'ஏ' கூடுதலாக எடுத்திருந்தாள். கணக்கில் எனக்குப் பல இரவுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவளும் அவளே. இருவருக்கும் தெலுக் இந்தானில் ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்தது.

அந்த ஆண்டுதான் எங்கள் தடத்தில் ஓடிய இரண்டு பேருந்துகளில் ஒன்று நின்றுபோனது. அறிவிப்பு ஒட்டப்படவில்லை. ஒரு திங்கட்கிழமை 6.00 மணிப் பேருந்து வரவில்லை. பழுதாகியிருக்கும் என்று நினைத்தோம். செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை 7.35க்கு வந்த பேருந்தின் ஓட்டுநரிடம் கேட்டபோது, "இனி ஒரே பஸ்தான், அடேக்" என்றார். 7.35க்கு ஏறினால் டவுனுக்குப் போய்ச் சேர எட்டேகால் ஆகும். பள்ளி மணி அடிப்பதோ 7.30க்கு.

பள்ளி வேன் எங்கள் தோட்டம்வரை வராது. வேறு வேன் ஏற்பாடு செய்ய ஆள் போதவில்லை. எனக்கு டவுனில் மாமா வீடு இருந்தது. ஒரு பெட்டியோடு அங்கே போய்விட்டேன். அவளுக்கு அப்படி யாரும் இல்லை. அவள் அப்பா காலை வரிசைக்கு ஆறு மணிக்கு முன்பே போக வேண்டியவர். வீட்டிலிருந்த ஒரே மோட்டாரும் அவரோடு போய்விடும். இரண்டு வாரம் யார் யாரிடமோ கேட்டு ஏறிப் போனாள். மூன்றாவது வாரம் நான் தோட்டத்துக்கு வந்தபோது வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, நேத்து பள்ளிக்கு வரலையா?"

"இந்த வருசம் எனக்குச் சரிப்படாது. நீ போ. அடுத்த வருசம் பார்ப்போம்."

அடுத்த வருடம் வரவில்லை. அவள் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். அந்தத் தொழிற்சாலை தோட்டத்து முகப்புக்கே பேருந்து அனுப்பி வேலையாட்களை ஏற்றிக்கொண்டது. வேலைக்குப் போக வண்டி வந்தது. படிக்கப் போகத்தான் வண்டி இல்லை.

நான் பல்கலைக்கழகம் போனேன். நான் அவளைவிடக் கெட்டிக்காரி என்பதால் அல்ல. எனக்கு டவுனில் ஒரு மாமா இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு பேருந்து குறைந்தால் என்ன ஆகும்?

பல்கலைக்கழகத்தில் நான் புவியியல் படித்தேன். இறுதியாண்டு ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று விரிவுரையாளர் கேட்டபோது யோசிக்கவே இல்லை. 2013ஆம் ஆண்டு விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அதே தடத்தில் ஏறி உட்கார்ந்தேன். அப்போது கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் எளிய கணக்குதான்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முனையிலும் ஓட்டுநருக்கு 15 நிமிட ஓய்வு. போய்த் திரும்ப மொத்தம் 150 நிமிடம். தடத்தில் இரண்டு பேருந்துகள் இருந்தால் 75 நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒன்றை எடுத்துவிட்டால் 150 நிமிடத்துக்கு ஒன்று. நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு வண்டிதான் குறைந்தது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு ஒரு பேருந்தைத் தவறவிட்டால் இழப்பு இரண்டரை மணி நேரம். அந்த ஒரே வண்டியும் பழுதானால் அன்று சேவையே இல்லை.

அடுத்து நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். இரண்டரை மணி நேரம் காத்திருக்க முடியாதவர்கள் எப்படியாவது ஒரு மோட்டார் வாங்குகிறார்கள். பயணிகள் குறைகிறார்கள், வசூல் குறைகிறது, இன்னொரு நடை வெட்டப்படுகிறது. மறுபடியும் பயணிகள் குறைகிறார்கள். இதன் எதிர்ப்பக்கத்தை அமெரிக்கப் பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் விளக்கினார். பயணிகள் கூடும்போது நடைகளைக் கூட்டலாம். நடைகள் கூடினால் ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரம் குறையும். ஆகவே ஒருவர் புதிதாகப் பேருந்தில் ஏறுவது மற்ற எல்லாப் பயணிகளுக்கும் நன்மை. பொதுப் போக்குவரத்துக்கு அரசாங்கம் பணம் கொடுப்பது ஏன் நியாயம் என்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. பொருளியல் படிக்கும் மாணவர்கள் 'மோரிங் விளைவு' என்ற பெயரில் இதைத் தேடிப் படிக்கலாம்.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. காலை ஆறு மணிக்கு நிற்க இடமில்லாமல் டவுனுக்குப் போகும் பேருந்து, திரும்பும்போது காலியாக வருகிறது. பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நான் எண்ணியபோது ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை. டீசல், ஓட்டுநர் சம்பளம், டயர், பழுதுபார்ப்பு எல்லாம் ஐந்து பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டணத்தை நினைத்தபடி உயர்த்தவும் முடியாது, அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும்.

இதற்கிடையே மக்களும் மாறினார்கள். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் பெரோடுவாவின் கஞ்சில் வந்தது. கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் கார் வாங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நிறுத்தத்தில் மிஞ்சியவர்கள் மாணவர்கள், முதியவர்கள், மோட்டார் ஓட்டத் தெரியாத அம்மாக்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மேசைக்கு முன்னால் போய்க் குரல் எழுப்பும் பழக்கம் இல்லாதவர்கள்.

'யாரும் ஏறுவதில்லை' என்பது உண்மையா?

ஆய்வின்போது ஒருவர் என்னிடம் சொன்னார்: "அந்தத் தடத்தில் ஆளே இல்லை. யாருக்காக ஓட்டுவது?"

பேருந்துக்குள் மட்டும் எண்ணினால் அவர் சொன்னது சரி. நான் இறங்கி வீடு வீடாகப் போனேன். டியூஷனுக்குப் போக ஆசைப்பட்டுப் போகாத மாணவர்கள், மருத்துவமனைத் தேதியைத் தள்ளிப்போட்ட முதியவர்கள், டவுனில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்தும் போகாத பெண்கள் என்று பலரைப் பார்த்தேன். இவர்கள் யாரும் பேருந்தில் இல்லை. ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய நேரத்தில் பேருந்து இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இன்று யாரும் மட்டம் போடவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள் அல்லவா? காலிப் பேருந்தைப் பார்த்து யாருக்கும் தேவையில்லை என்று சொல்வதும் அப்படித்தான்.

பேருந்து இல்லாத இடத்தில் மோட்டார்தான் பதில். நம் நாட்டில் பதினாறு வயதில் மோட்டார் உரிமம் எடுக்கலாம். அதற்கு முன்பே உரிமம் இல்லாமல் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். விளக்கில்லாத தோட்டச் சாலையில், செம்பனை லாரிகளுக்கு நடுவே, தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்குப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பேருந்து ஓட்டுவது செலவு என்கிறோம். ஓட்டாமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு. அது வேறொருவர் வீட்டில் விழுகிறது.

மாற வழி இருக்கிறது

நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை. 2010ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஸ்பாட் எனப்படும் ஆணையம் பொறுப்பேற்றது. 2019 முதல் தீபகற்பத்தில் அந்தப் பணியைப் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள அப்பாட் செய்கிறது. 2012இல் நட்டத்தில் ஓடும் உள்ளூர்ப் பேருந்துகளைத் தாங்க 40 கோடி வெள்ளி இடைக்கால நிதி ஒதுக்கப்பட்டது. 2015 முதல் சிரம்பான், கங்கார், ஈப்போ, கோலத்திரங்கானு முதலிய ஊர்களில் 'மைபாஸ்' சேவை வந்தது.

இந்த மைபாஸ் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய முறையில் நிறுவனத்தின் வருமானம் பயணிகளின் கட்டணம். ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் ஓட்டினால் நட்டம். புதிய ஒப்பந்த முறையில் அரசாங்கம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறது, கட்டண வசூல் அரசாங்கத்துக்குப் போகிறது. பேருந்து நிரம்பினாலும் காலியாக இருந்தாலும் அட்டவணைப்படி ஓடினால்தான் நிறுவனத்துக்குப் பணம். ஓடாவிட்டால் பணம் இல்லை. கிராமத்துப் பேருந்துக்கு வேண்டியது இதுதான்: ஆள் சேர்வதற்கு முன்பே நேரம் தவறாமல் ஓட வேண்டும். ஆட்கள் பிறகு வருவார்கள்.

பெரிய பேருந்து எல்லாத் தடத்துக்கும் பொருந்தாது என்பதும் உண்மைதான். அண்மைக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்தால் வரும் வேன் சேவை ஓடுகிறது. காலையிலும் மாலையிலும் பெரிய பேருந்து, நடுப்பகலில் அழைத்தால் வரும் வேன் என்று கிராமங்களுக்கும் யோசிக்கலாம். செயலி இல்லாத பாட்டிக்கு ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதும்.

நேரத்தைப் பொருத்துவதும் முக்கியம். சுவிட்சர்லாந்தில் 1982 முதல் நாடு முழுவதும் ரயில்கள் மணிக்கு ஒருமுறை ஒரே நிமிடத்தில் வரும்படி அட்டவணை போட்டார்கள். மலைக் கிராமத்திலிருந்து வரும் மஞ்சள் அஞ்சல் பேருந்து, ரயில் புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பு நிலையத்துக்கு வந்து நிற்கும். அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் கடைசிப் பேருந்தைப் பள்ளி நேரத்தோடு பொருத்துவதற்குப் பெரிய பணம் வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்பும் கொஞ்சம் அக்கறையும் போதும்.

நான் எழுதிய மோசமான கடிதம்

2009இல் தோழி பள்ளியை விட்ட பிறகு, கோபத்தில் பேருந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'உங்கள் பேருந்து சரியாக வருவதில்லை. ஏழை மாணவர்கள் கஷ்டப்படுகிறார்கள். தயவுசெய்து நடவடிக்கை எடுங்கள்' என்று ஒன்றரைப் பக்கம். பதில் வரவில்லை. இப்போது அதைப் படித்தால் நானும் பதில் போட்டிருக்க மாட்டேன். தேதி இல்லை, நேரம் இல்லை, எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இல்லை, என்ன வேண்டும் என்ற கோரிக்கையும் இல்லை.

இன்று அதே கடிதத்தை எழுதினால் இப்படி எழுதுவேன்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பத்துப் பள்ளி நாள்களில், இன்ன நிறுத்தத்தில், 6.00 மணிப் பேருந்து இத்தனை நாள் வரவில்லை, இத்தனை நாள் இத்தனை நிமிடம் தாமதம். அதில் ஏறக் காத்திருந்த மாணவர்கள் இத்தனை பேர். எங்கள் பள்ளி தொடங்கும் நேரம் 7.30. ஆகவே 6.45க்குள் டவுனை அடையும்படி ஒரு நடை வேண்டும். இணைப்பு: பெயர்ப் பட்டியல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவுக் கடிதம்.

இந்தக் கடிதத்தை மேசையில் வைத்தால் ஒதுக்குவது கடினம். நிறுவனத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அப்பாட், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம், ஊராட்சி மன்றம் ஆகியவற்றுக்கும் நகல் அனுப்புங்கள். தனி ஒரு பேருந்தைப் பற்றிய புகார் என்றால் வண்டியின் பதிவு எண்ணும் தேவை.

இதை எழுதும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எஸ்.டி.பி.எம். பொது அறிவுப் பாடத்துக்கும் புவியியலுக்கும் நீங்கள் செய்முறைப் பணி செய்கிறீர்கள். அதற்காகக் கேள்வித்தாள் தயாரிக்கிறீர்கள், அட்டவணை போடுகிறீர்கள். அடுத்த முறை தலைப்புத் தேடும்போது இணையத்தில் அலைய வேண்டாம். உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்குப் போங்கள். இரண்டு வாரம் நேரத்தைக் குறித்துவையுங்கள். ஏறுபவர்களை எண்ணுங்கள், ஏறாதவர்களிடமும் பேசுங்கள். செய்முறைப் பணிக்குப் புள்ளியும் கிடைக்கும், ஊருக்கும் ஒரு ஆவணம் கிடைக்கும்.

பள்ளி அளவிலும் கேட்கலாம். எனக்குப் பிறகு வந்த மாணவிகளுக்காக ஓர் ஆசிரியை வலைப்பந்துப் பயிற்சியை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, 4.50க்கு முடித்தார் என்று கேள்விப்பட்டேன். யாரோ ஒரு மாணவி, "டீச்சர், பஸ் ஐந்தரைக்கு" என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். நான் சொல்லவில்லை. பேருந்தில் வருகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் விலகிக்கொண்டேன். அந்த வெட்கம் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று. சேவை கிடைத்துவிட்டால் அதில் ஏறுங்கள். மழை இல்லாத நாளில் நண்பனின் மோட்டாரிலும் மழை நாளில் மட்டும் பேருந்திலும் போனால், அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த நடை நிற்காது.

அவளுடைய மகள்

சென்ற பள்ளி விடுமுறையில் தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டத்தை விட்டுப் பக்கத்திலேயே ஒரு தாமானில் இருக்கிறாள். மகள் முதலாம் படிவம். தினமும் காலையில் தானே மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். மழையென்றால் இருவருக்கும் நெகிழி உறை. மாலையில் புறப்பாடம் இருக்கும் நாள்களில் வேலையிடத்தில் சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பார்களாம்.

"எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்று கேட்டேன்.

"அவ பூப்பந்து ஆடுறா. ஐந்தரைக்கு ஓடி வரவேண்டாம்னுதான்" என்றாள்.

உள்ளே மகள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். அவள் பள்ளிக்கு வரும் மாணவர்களில் பேருந்து வேண்டும் என்று சொன்னவர்களின் பெயரையும் ஏறும் இடத்தையும் வரிசையாக எழுதியிருந்தாள். நான்தான் போன தடவை வந்தபோது அவளிடம் இதைப் பற்றிப் பேசினேன். அப்போதிருந்தே எழுதி வருகிறாளாம். நான் பார்த்தபோது பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

கடிதத்தை நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதினோம். இந்த முறை தேதியும் நேரமும் எண்ணிக்கையும் இருக்கின்றன.